ஆர்ச்சுக்குப் போன கெட்டி ஒயர்

மாரண்டஹள்ளியில் மாயவன் கட்டிய புது வீட்டில் முதலில் உருவானது வாசல் ஆர்ச்சுதான். அஸ்திவாரம் தோண்டும்போதே அதைக் காகிதத்தில் வரைந்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார். படுக்கையறைகள் பின்னால் எப்படியோ வந்து சேர்ந்தன. உச்சியில் 'மாயவன் மாளிகை' என்ற எழுத்துகள். எழுத்துக்குள் விளக்கு, எழுத்தைச் சுற்றி விளக்கு, அந்த விளக்கைச் சுற்றியும் விளக்கு. தக்காளி வியாபாரிகள் சங்கத் துணைத் தலைவரின் வீடென்றால் பாலக்கோடு பஸ்ஸில் போகிறவன் கழுத்தைத் திருப்ப வேண்டாமா?

அவர் மனைவி நிர்மலா கேட்டது இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றுதான். காரிமங்கலத்தில் அவள் அக்காவுக்கு கேஸ் கசிந்து இரண்டு கையும் வெந்துபோனதிலிருந்து, லைட்டரைத் தட்டும்போதெல்லாம் நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தைரியத்தைப் பற்றி மாயவன் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். புது வீட்டிலாவது நெருப்பில்லாமல் சமைக்க வேண்டும். பால் காய்ச்சுவதும் அதில்தான் என்று பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்திருந்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்க்க நினைத்து, அதற்கென்றே வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் சலசலக்க ஆரம்பித்தது. டப். அடுப்பு நின்றது, ஃபேன் நின்றது, வீடு முழுக்க இருட்டு. ஒயர்மேன் கலைவாணன் ஓடிப்போய், பெட்டியில் விழுந்திருந்த ஸ்விட்சைத் தூக்கிவிட்டான். மறுபடியும் டப். பிளக்கிலிருந்து ரப்பர் தீயும் வாசம் வேறு.

வாசலில் நின்றிருந்த நிர்மலாவின் தம்பி சென்னப்பன் குரல் கொடுத்தான். "மாமா, இங்க வந்து பாருங்க. வூடு இருட்டா கெடக்குது, உங்க பேரு மட்டும் ஜெகஜோதியா எரியுது."

எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். உண்மைதான்.

"அதெப்படிய்யா?" என்று கலைவாணனைக் கேட்டார் மாயவன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

"ஆர்ச்சு தனி லைனுங்க. சமையக்கட்டுக்குன்னு வாங்குன நாலு எம்.எம். ஒயர நீங்கதானங்க ஆர்ச்சுக்கு இழுக்கச் சொன்னீங்க. ஒயரு கெட்டியா இருந்தாத்தான் வெளிச்சம் கெட்டியா வரும்னீங்க. நானும் தலையாட்டிட்டேன். இப்ப அடுப்பு, லைட்டு லைன்ல தொங்குது. அது தாங்காதுங்க."

"அத்தன லைட்டுக்கு அந்த ஒயரு வேணாமா?"

"எல்.ஈ.டி.ங்க. எல்லாத்தையும் சேத்தாலும் அடுப்பு இழுக்கறதுல கால்வாசி இழுக்காது."

"மாத்தணும்னா?"

"ஆர்ச்சுக்கு மெல்லிசு ஒயரே போதும்ங்க. அந்தக் கெட்டி ஒயர உருவி சமையக்கட்டுக்கு இழுக்கணும்னா, ஹால் செவுத்த ஒடைச்சு புதுசா பைப்பு பதிக்கணும்ங்க."

ஹால் சுவரில் மயில் இருந்தது. ஓசூரிலிருந்து ஆள் வரவழைத்துத் தோகை விரிக்க வைத்த மயில். வருகிறவர்களுக்குப் பிள்ளைகளை அறிமுகப்படுத்தும் முன் மாயவன் அதைத்தான் அறிமுகப்படுத்துவார்.

"மயில ஒடைக்கிறதாவது. நாளைக்கி கேஸ்லயே காச்சிக்கலாம். அப்பறமா பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறமா'வோடு நிர்மலா வெகுகாலம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"கேஸ் வேணாங்க. ஆர்ச்சுக்கிட்ட ஒரு மேசையப் போடுங்க, பால அங்கயே காச்சிடறேன். கரண்டு அங்கதான இருக்குது. பஸ்ல போறவங்களும் பாத்துட்டுப் போவட்டும்."

சென்னப்பன் சிரித்தான். மாயவன் சீறத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டது கண்ணில் பட்டுவிட்டது.

"கைய ஏன் இப்படி ஒளிக்கிற?"

"கேஸ்னு சொன்னீங்க இல்ல. அக்கா கையப் பாத்ததுலருந்து பயந்தாங்க. தெனமும்."

தக்காளி விலை முதல் உலக சமாதானம் வரை எதற்கும் ஒரு உரை வைத்திருக்கும் மனிதர், கலைவாணனிடமிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். உள்ளே போனார். வெளிச்சத்தை மயிலின் கொண்டையிலிருந்து தோகைவரை ஓட்டினார்.

"கழுத்து போயிடுமா?" என்று கலைவாணனைக் கேட்டார்.

"தோகை மட்டுந்தாங்க போவும்."

"ஒடை."

விடிகாலையில் பால் பொங்கி கிழக்கே வழிந்தது. வழிந்ததும் அடுப்பு 'கீ' என்று கத்திவிட்டு நின்றுபோனது. மாயவன் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"பால் பட்டா அதுவா நின்னுக்கும்ங்க" என்று சொல்லி, நிர்மலா ஒரு துணியால் துடைத்து மறுபடி தட்டினாள். ரவைக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஹாலில் மயிலின் தோகைக்குக் குறுக்கே ஈரச் சிமெண்ட் கோடு. இது என்ன என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் மாயவன் விளக்கிக்கொண்டிருந்தார். "தனி லைனுங்க. நாலு எம்.எம். எர்த்து தனியா இருக்குது. இண்டக்‌ஷன் வெக்கிறதா இருந்தா மொதல்ல ஒயரப் பாக்கணும். யாருக்குங்க தெரியுது இதெல்லாம்?" என்றபடியே ஒரு கூட்டத்தைச் சமையலறைக்குள் ஓட்டிவந்து, மூலையிலிருந்த பிளக்கைத் திறப்பு விழா போலக் காட்டினார்.

"காட்டுனது போதும், தள்ளி நில்லுங்க" என்றாள் நிர்மலா. "தண்ணி கொதிச்சிருச்சு, ரவ போடணும்."