அத்தானின் ரயில் பாட்டு

எங்கள் துணிக்கடையில் அப்பா கத்தரியைப் பார்த்து வெட்டியதே இல்லை, வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார். மனசு மாறப்போகிற முகம் என்றால் கத்தரி துணியைத் தொடுமுன் நின்றுவிடும். இந்த வித்தை உலகத்தில் தனக்கு மட்டும்தான் கைவந்தது என்று நினைத்திருந்தார், அக்காவைப் பெண் கேட்டு அத்தான் கடைக்குள் நுழைந்த நாள்வரை.

அத்தான் அப்போது ஒரு சர்க்கஸில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பா கேட்டார். அத்தான் நிதானமாக விளக்கினார். அந்தரத்தில் பாய்கிற ஆள் எதிர்க் கம்பியைப் பிடிக்கும் அதே கணத்தில் தன் குச்சி வெண்கலச் சிம்பலில் விழவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் சனங்கள் சிரிப்பார்கள், பிந்தினாலும் சிரிப்பார்கள். அதனால் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தால் நடக்காது, அவன் தோளையே பார்க்கவேண்டும்.

அப்பா கத்தரியைக் கீழே வைத்தார். "தவறிப் போனதுண்டா?"

"அவன் தவறியிருக்கான். நான் தவறலைங்க."

அப்பாவின் சங்கத்து ஆள் வந்துவிட்டான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே, பேரம் இல்லாமல் பொட்டலம் கட்டமாட்டார். அக்கா வாசிக்கிற பியானோவைச் சீராகக் கேட்கப்போகிறான், அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அத்தானோ, பியானோ வேண்டாம், வாசிக்கிறவர் வந்தால் போதும் என்றுவிட்டார். கேட்காத பொருளுக்கு எப்படி விலை சொல்வது? அப்பாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் தானே வண்டி பிடித்துப் பியானோவை அனுப்பிவைத்தார்.

அந்தப் பியானோவையும் அக்காவையும் வைத்துத்தான் அத்தான் தன் ஜாஸ் குழுவைக் கட்டினார். மற்ற குழுக்களில் தலைவன் என்றால் முன்னால் நிற்பான், கோட்டுப் பொத்தான் பளபளக்கக் கையை ஆட்டுவான். அத்தான் பின்னால், காலால் மிதித்து அடிக்கிற கால் டிரம்முக்கும் சிம்பலுக்கும் நடுவே ஏதோ பாத்திரக்கடைக் காவலாளிபோல உட்கார்ந்திருப்பார். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கும் வழக்கமும் கிடையாது. எல்லோருடைய தோள்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். தயார் என்று பட்டதும் கம்பிப் பிரஷ்ஷால் டிரம்மை ஒரு தடவு. அவ்வளவுதான், ஒன்பது பேரும் ஒரே ஆளாக இறங்குவார்கள்.

தனி ஆவர்த்தனம் என்று ஒருநாளும் அவர் வாசித்ததில்லை. மற்றவன் எங்கே போய் விழப்போகிறான் என்று பார்த்து, விழுகிற இடத்தில் ஓர் அடி. அதுதான் அவருடைய சங்கீதம் மொத்தமும். டிரம்பெட்காரன், எல்லோரும் 'ஊதல்' என்று கூப்பிடுவோம், சொல்வான்: "நான் தடுக்கி விழுந்தாலும் மாஸ்டர் ஒரு தட்டு தட்டி, அது டான்ஸுன்னு ஊரையே நம்ப வெச்சுடுவாரு."

ஓட்டல்களோடு பேரம் பேசுவது என் பங்கு. ஒருமுறை ஓட்டல் முதலாளி ஒருவர், டிரம்ஸ் வெறும் சத்தம்தானே, அதைக் கழித்துக்கொண்டு மற்றவர்களை மட்டும் அனுப்புங்கள் என்றார். தாராளமாக, இன்றைக்கே பாருங்கள் என்றேன். அத்தானும் கோபித்துக்கொள்ளாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி ஒரு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் பாட்டில் ஆடுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். இரண்டாவது பாட்டில் தளமே காலி. முதலாளி தானே காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அத்தானின் மேசைக்கு வந்தார். அத்தான் காப்பியை முழுசாகக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தார். அந்தக் காப்பிக்கு நடுவில் நான் பேசி முடித்த பேரத்தை எங்கள் கடைத்தெருவில் இன்றைக்கும் பாராட்டுவார்கள்.

எந்த ஓட்டலானாலும் கடைசியில் ரயில் பாட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள். அத்தானே கட்டிய பாட்டு. ஸ்டேஷனை விட்டு மெல்லக் கிளம்பி, பாலத்தில் தடதடவென்று பாய்ந்து, கேட்கிறவன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற வேகத்துக்குப் போகும். அது இசைத்தட்டாகவும் வந்து, அவருடைய பெயரே 'ரயில்காரர்' என்றாயிற்று.

இருபது வருஷம் ஓடியது. அதே பாட்டைப் புதுக் கருவிகளில் மறுபடி பதிவு செய்ய அந்த இசைத்தட்டுக் கம்பெனி கூப்பிட்டது. என் பேரத்துக்கு நானே தோளைத் தட்டிக்கொண்டேன். ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் அத்தானிடம் சொல்லவில்லை. வாசிப்பு பழைய தட்டின் தரத்தில் இல்லையென்றால் டிரம்ஸில் வேறு ஆளை உட்காரவைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு. குழுவின் பேர் அத்தானுடையது, இருக்கை வேறொருவனுடையது என்றாகும். ஒருக்காலும் நடக்காத விஷயம் என்றுதான் விட்டுக்கொடுத்தேன்.

அன்று மத்தியானம் ஸ்டூடியோவில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ரயில் பாட்டை ஒரே மூச்சில் வாசித்தார்கள். பிசிறு கிடையாது. ஊதல் நெற்றியைத் துடைத்தான். பகலில் பல் பிடுங்கி மாலையில் சாக்ஸபோன் வாசிக்கிற பல் டாக்டர், கிளினிக்குக்கு நேரமாகிறது என்று பெட்டியை மூடப்போனார். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று கம்பெனி மேலாளர் பழைய தட்டைச் சுழலவிட்டார்.

பாதிப் பாட்டுக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பழைய தட்டில் ஓடியது விரைவு ரயில். இப்போது நாங்கள் பதிவு செய்தது எல்லா ஸ்டேஷனிலும் நின்று தண்ணீர் பிடிக்கிற வண்டி.

இத்தனைக்கும் யாரும் தாளம் தப்பவில்லை. ஒன்பது பேரும் சேர்ந்தே மெதுவாகியிருந்தார்கள். அதுதான் விசித்திரம். வேறு குழுவாக இருந்தால் டிரம்ஸ் தளர்ந்த அன்றே ஒருவன் முன்னே ஓடி, ஒருவன் பின்னே இழுத்து, சந்தை இரைச்சலாகிக் குட்டு உடைந்திருக்கும். இவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பார்த்தே பழகியவர்கள். தலைவர் ஓரடி பின்வாங்கினால் மொத்தப் பேரும் ஓரடி பின்வாங்கி, எதுவும் நடக்காத மாதிரி வாசித்திருக்கிறார்கள்.

அத்தான் தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷமாக அதில் காலையில் எண்ணெய் தேய்ப்பதை நானும் கண்டிருக்கிறேன். பிறகு தலையை நிமிர்த்தி, யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஊதல் தன் டிரம்பெட்டுக்குள் ஏதோ தொலைந்துபோனதுபோல எட்டிப் பார்த்தான். பல் டாக்டருக்குத் திடீரென்று தன் பல்லே வலித்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அக்கா பியானோவிலிருந்து. "உங்க கை வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? யாரும் அவரைத் தாண்டி ஓடக்கூடாதுன்னு சொன்னேன்."

அத்தான் குச்சிகளை டிரம்மின்மேல் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"விழுறவனைத் தாங்கறதுக்குத்தான் என் அடி," என்றார். "நீங்க என்னடான்னா நான் விழுந்தேன்னு கூடவே ஒன்பது பேரும் படுத்துட்டீங்க."

மேலாளர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியே அழைத்து, நாளைக்கே வேறு டிரம்ஸ்காரரை வரவழைக்கலாம், இவர் முன்னால் நின்று கையசைக்கட்டும், அட்டையில் அவர் படம் பெரிதாக வரும் என்று பக்குவமாகத்தான் சொன்னார். தேவை என்பதை முகத்தில் காட்டினால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று பார்த்து வளர்ந்தவன் நான். கடிகாரத்தைப் பார்த்தேன், கொட்டாவி விட்டேன், சரி, ஒயரைச் சுருட்டச் சொல்லுங்கள், இன்னொரு கம்பெனியில் சாயந்தரம் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அப்படி ஒரு கம்பெனி இந்தப் பூமியிலேயே இல்லை. மேலாளர் உதட்டைக் கடித்தார். இன்னும் ஒரே ஒரு தடவை, அதுவும் சரியில்லையென்றால் நாளைக்கு வேறு ஆள் என்று முடிந்தது. அத்தானிடம் அந்த வரியையும் சேர்த்தே சொன்னேன்.

"ஏன் மச்சான், இத்தனை நாளா என்னை வெச்சுத்தான் பேரம் பேசினியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் இருக்கைக்குப் போய் முதலில் செய்த காரியம், வலது கைப்பக்கம் இருந்த சிம்பலைத் தள்ளிவைத்தது. வழக்கமாக அதில்தான் ரயில் சக்கரம் ஓடும். மணிக்கட்டை நோகடிப்பதும் அதுதான். எல்லோரும் பதறிப் பார்த்தார்கள். சக்கரம் இத்தனை வருஷத்தில் உங்களுக்குள்ளேயே போயிருக்கும், நீங்களே ஓட்டுங்கள், எனக்காக யாரும் நிற்கவேண்டாம் என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ ஆரம்பி."

அவர்கள் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாட்டைக்கூட அக்கா ஆரம்பித்ததில்லை. விரல்களை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரைவாகத் தொடங்கி அவர் பின்தங்கினால் அந்த இருக்கை போயிற்று. மெதுவாகத் தொடங்கினாலும் போயிற்று. அவள் தோள் மெல்ல ஏறி இறங்கியதை நானே பார்த்தேன், அவர் பார்க்காமல் இருப்பாரா?

அவள் கை விழுந்த வேகத்தில் பல் டாக்டர் ஒரு சுரம் தாமதமாகத்தான் வண்டியில் தாவி ஏறினார். பழைய தட்டைவிட வேகம். பாஸ் வாத்தியக்காரர் தன் தடித்த தந்திகளைப் பிடித்து ஓடினார். அத்தான் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஸ்டேஷன் தாண்டிற்று, ஓர் அடிகூட இல்லை. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பாலம் வந்தது. ஊதல் தன் டிரம்பெட்டை உயர்த்தி, பிடிக்கக் கம்பி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்தரத்தில் பாய்ந்தான். அவன் இறங்கிய அதே கணத்தில் கால் டிரம்மும் இடதுகைச் சிம்பலும் சேர்ந்து விழுந்தன. ஒரே அடிதான், என் பிடரியில் மயிர் கூச்செறிந்தது. பிறகு மறுபடி மௌனம். அக்கா ஒரு வளைவில் திரும்பும்போது ஒன்று, பல் டாக்டர் மூச்சு வாங்குகிற இடத்தில் பிரஷ்ஷால் லேசாக ஒன்று. மொத்தப் பாட்டிலும் பழைய தட்டில் ஒரு வரிக்கு அடித்த அளவுகூட அவர் அடிக்கவில்லை. ஆனால் அந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் ஓடுகிறது என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

பாட்டு முடிந்ததும் மேலாளர் தானே எழுந்துபோய்ப் பழைய தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். வேறு ஆளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நான் மட்டும் இதுதான் சமயமென்று ஒப்பந்தத்தை நீட்டி, அந்த வரியை அவர் கையாலேயே கோடு போட்டு அடிக்கவைத்தேன்.

அத்தான் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே அக்காவிடம் போனார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"நீ பழைய வேகத்துலதான் ஆரம்பிப்பேன்னு நினைச்சேன். இது எங்க பிடிச்ச வேகம்?"

அக்கா பியானோ மூடியைச் சாத்தினாள். "பழைய வேகம் எனக்கு என்னிக்குமே பத்தினதில்லைங்க. நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

ஊதல் இதைக் கேட்டுவிட்டு வெளியே போய்த்தான் சிரித்தான். அத்தான் தள்ளிவைத்த சிம்பலை எடுத்து என் கையில் கொடுத்தார். நல்ல விலைக்கு யாராவது கேட்டால் தள்ளிவிடு மச்சான் என்றார். எங்கள் அப்பா பெற்ற பிள்ளை நான், ஆனாலும் அதற்கு இன்றுவரை ஒருவரிடமும் விலை சொல்லவில்லை.