தாடைக்கட்டு

மூன்றாவது தடவையும் துணி நழுவிவிட்டது. குருவம்மாளின் தாடை இறங்கி, வாய் மறுபடியும் ஆவென்று திறந்துகொண்டது.

"உசுரோட இருந்தப்பவும் இந்த வாய ஒருத்தராலயும் அடைக்க முடியல. இப்பவும் அப்படித்தானாட்டி?" என்று முப்பிடாதி பிணத்திடமே கேட்டாள். சுற்றி நின்ற பெண்களில் இரண்டு பேர் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முப்பிடாதி கேட்கலாம். நாற்பது வருஷமாக ஒரே வரிசையில் குருவம்மாளுக்குப் பக்கத்தில் குனிந்து நாற்று நட்டவள்.

வாசலுக்கு வெளியே சாரலில் நனைந்துகொண்டு நின்றாள் சந்தனமாரி. உள்ளே கிடப்பது அவளுடைய அத்தை, தகப்பன் பிச்சையாவின் அக்கா. விடியக்காலம் உயிர் போயிற்று என்று ஆள் வந்து சொன்னதும், இடுப்புப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, தென்காசியிலிருந்து மேலகரத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். கூப்பிடு தூரம்தான். அதை நடக்க அவளுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அத்தைதான் வளர்த்தாள். வளர்த்தாள் என்றால், ஒரு கை கஞ்சி ஊற்றும், மறு கை மண்டையில் குட்டும். "ஏ மூதி" என்றுதான் கூப்பாடு. பிள்ளைக்குப் பேர் ஒன்று இருப்பதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

சிவகிரியில் நிலம்நீச்சு உள்ள ஒரு ரெண்டாந்தாரக்காரனை அத்தை பேசி முடித்திருந்தாள். சந்தனமாரியோ, தென்காசிச் சந்தையில் மூட்டை தூக்கும் அய்யாக்குட்டியோடு போய்விட்டாள். அன்றைக்குக் குருவம்மாள் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நாஞ் செத்தா எம் பொணத்துல அவ கை படப்பிடாது! கேட்டுக்கிடுங்க எல்லாரும்!"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பிள்ளை பிறந்தபோதும் சந்தனமாரி ஆள் விட்டுப் பார்த்தாள். 'வீட்டுக்கு வாட்டி' என்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், போட்ட ஆணை அத்துப்போகும். வரவில்லை.

"உள்ள வா தாயி," என்றார் பிச்சையா, தரையைப் பார்த்தபடி.

"வரட்டும், ஓரமா நிக்கட்டும்," என்றாள் முப்பிடாதி. "தொடப்பிடாது. சொன்னவ எந்திரிச்சு வந்து மாத்தியா சொல்லப்போறா? மீறுனா இவ பிள்ளைகளுக்குத்தான் ஆவாது."

பேசிக்கொண்டே நான்காவது தடவையாக முடிச்சுப் போட்டாள். வாதத்தில் கோணிப்போன விரல்கள். துணி மெள்ள வழுக்கியது.

"வெரசாப் பாருங்க. தாடை வெறச்சிட்டா அப்பொறம் ஒண்ணும் செய்ய ஏலாது," என்றார் பிச்சையா. "வாயத் தொறந்தபடியா கொண்டுபோறது?"

"சித்தி," என்றாள் சந்தனமாரி நிலைப்படியில் நின்று. "நாத்துக்கட்டுக்குப் போடுத முடிச்சுப் போட்டா நிக்கும்."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். குருவம்மாளின் வாயைப் பார்த்தாள். "கை படப்பிடாதுன்னுதான சொன்னா? துணியப் பிடிக்கப்பிடாதுன்னு சொல்லலியே. வா. மேல படாமக் கட்டு."

முப்பிடாதி துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து, வாயை அழுத்தி மூடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நுனிகளும் உச்சந்தலைக்கு மேலே சந்தனமாரியின் கைக்கு வந்தன.

எட்டு வயசில் அத்தை அவளை நாற்றங்காலில் இறக்கினாள். பிடுங்கிய நாற்றை வைக்கோலால் சுற்றி, இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியைப் பெருவிரலால் உள்ளே செருக வேண்டும். கட்டிய நாற்றுமுடியை அத்தை வாங்கி வரப்பில் ஓங்கி அடிப்பாள். பிரிந்தால், "நீட்டுட்டி கைய" என்பாள். விரல் முட்டியில் கம்பு விழும். பிரியாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். அடுத்த முடிக்குக் கை நீட்டுவாள்.

சந்தனமாரி துணியை முறுக்கவில்லை. முப்பிடாதியின் விரல் இடுக்கில் அத்தையின் உதடு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்ல எடுத்ததுபோல. இவள் கட்டிவிட்டால் தீர்ந்தது. சொல்லாதது சொல்லாததுதான்.

"என்ன யோசிக்க? எங் கை கடுக்குது," என்றாள் முப்பிடாதி.

ஒரு முறுக்கு. இன்னொரு முறுக்கு. நுனியைச் செருகினால் விரல் தலையில் படும். சந்தனமாரி துணியின் நுனியைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, அந்த விரலோடு உள்ளே செருகினாள். நரைமுடியின் சில்லிப்பு துணியைத் தாண்டி வந்தது. அங்கேயே ஒரு கணம் வைத்திருந்து, பிறகு துணியை விட்டுவிட்டு விரலை மட்டும் உருவிக்கொண்டாள்.

முப்பிடாதி கையை எடுத்தாள். தாடை இறங்கவில்லை. அத்தையின் முகம் சின்னதாகி, யாரோபோல் இருந்தது. தெருவில் பேச்சு நின்றிருந்ததால் குற்றாலத்து அருவியின் இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்டது.

"நிக்கிது," என்றார் பிச்சையா.

பெண்கள் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினார்கள். சந்தனமாரி இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.

"என்னட்டி, கைய நீட்டிக்கிட்டு நிக்க? என்ன வேணும்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

கேட்ட பிறகுதான் சந்தனமாரி தன் கையைப் பார்த்தாள். முட்டிகள் மேலே தெரிய, விரல்களைச் சேர்த்து, நாற்றங்காலில் கம்புக்கு நீட்டியதுபோலக் கை நேராக நீண்டிருந்தது. முப்பிடாதி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சந்தனமாரி கையை மடக்கவில்லை.