ஜோசையாவின் உம்மா

ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே செய்கு அலாவுதீன் மாமா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“உன் வாப்பாவோட உம்மா பேரு மரியம் பீவிதானே? இதுல அப்படித்தான் இருக்கு.”

பாஹிமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாப்பா கலீலுர் ரஹ்மான் நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஷார்ஜா மையவாடியில் அடக்கம். மண் போட்டு முடிந்ததும் மாமா தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீன் ஓதுவார். இன்னாரின் மகனே என்று, பெற்றவளின் பெயரைச் சொல்லித்தான் மையித்தைக் கூப்பிட வேண்டும்.

மரியம் பீவி பெற்றவள் இல்லை. சொல்ல வாயெடுத்தாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மாமாவிடம் அவள் இதுவரை பேசியதெல்லாம் “மாமி இருக்காங்களா?” மட்டும்தான்.

“நேரமாச்சு புள்ள. ரஹீமா மாமி மேல வருவா. கதவச் சாத்திக்க.”

லிஃப்ட் மூடியது.

உள்ளே மேசைக்கு மேல் சுவர் நீளத்துக்கு ஒரு வம்சப் படம் ஒட்டியிருந்தது. அமெரிக்கக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடித் தொகுக்கும் கம்பெனி ஒன்றுக்கு வாப்பா வீட்டிலிருந்தே வேலை செய்தார். உம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்பதாம் வகுப்போடு நின்ற பாஹிமா, உம்மா போன பிறகும் பள்ளிக்குத் திரும்பவில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்தாள். உறுதியான பெயர்களை வாப்பா மையில் எழுதுவார், மற்றவற்றைப் பென்சிலில்.

படத்தின் நடுவில் ஜோசையா தார்ன்பி. அமெரிக்கா புதிதாய் உருவான காலத்தில் ஒரு மாகாணச் சட்டசபையில் உட்கார்ந்தவர். அவருடைய தாயின் கட்டம் மட்டும் காலி. அவர் பிறந்த நாளில் தேவாலயப் பதிவேட்டில் ‘தார்ன்பியின் மனைவி, பிரசவத்தில் இறப்பு’ என்று இருந்ததே தவிர பெயர் இல்லை. சிற்றன்னையின் பெயரைப் போட்டு முடித்துவிடுங்கள் என்று அந்த வம்சத்தார் எழுதினார்கள். வாப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

“தெரியாட்டி காலியாக் கெடக்கட்டும்மா. ஒருத்தி எடத்துல இன்னொருத்திய ஒக்கார வைக்கக் கூடாது.”

பிறகு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “எனக்கும் இப்படித்தான். பாஸ்போர்ட்ல இருக்குறது சின்னம்மா பேரு” என்றார். பாஹிமா அடுத்த பெயரை டைப் அடித்தாள்.

இப்போது அவள் கதவைத் திறந்து படியில் ஓடினாள். ஏழு மாடி.

மையவாடிக்குப் போகும் வேன் நகரத் தொடங்கியிருந்தது. மாமா வேனை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன புள்ள, செருப்புகூட இல்லாம?”

“அது வாப்பாவோட சின்னம்மா பேரு, மாமா. பெத்தவங்க வேற.”

“அப்ப அவங்க பேரு?”

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள். மாமா ஊருக்குப் போன் போட்டார். மரியம் பீவியின் மகன், வாப்பாவின் தம்பி, எடுத்தார்.

“அந்தப் பேரு இங்க யாருக்குமே தெரியாதே காக்கா. எங்க வாப்பா கடைசிவரைக்கும் வாயத் தொறக்கல.”

மாமா போனை மடியில் வைத்தார். “வெள்ளக்காரன் வூட்டு ஏழு தலைமுறைய ஒரே மூச்சுல சொல்லுவான் மனுசன். எத்தன தடவ கேலி பண்ணிருக்கேன், இன்னிக்கு ஒனக்குச் சோறு போடுற வெள்ளக்காரத் தாத்தா யாருடான்னு. தன் வூட்டுல…” நிறுத்திக்கொண்டார்.

பின்சீட்டிலிருந்து ஒருவர் சொன்னார். “பாஸ்போர்ட்ல உள்ளதயே சொல்லிருவோம். அல்லாவுக்குத் தெரியாதா?”

“வேணாம்.” அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “தப்பான பேரு வேணாம் மாமா.”

மாமா பாஸ்போர்ட்டை மூடினார்.

“உம்மா பேரு தெரியாதவங்கள ஹவ்வாவோட மகனேன்னு கூப்பிடலாம். எல்லாருக்கும் மொதல் உம்மா அவங்கதானே. கூப்பிடவா?”

தலையசைத்தாள். வேன் போனது. தரை சுடுவது அப்போதுதான் தெரிந்தது.

மேலே வந்தபோது மாமி இன்னும் வந்திருக்கவில்லை. அஸர் பாங்கு முதலில் ஒரு பள்ளிவாசலிலிருந்தும் பிறகு வேறொன்றிலிருந்தும் கேட்டது. பாஹிமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டம் போட்டு, வாப்பாவின் பெயரை மையில் எழுதினாள். அதற்கு மேலே இன்னொரு கட்டம் வரைந்தாள்.

வாப்பாவின் பென்சில் முனை ஒடிந்திருந்தது. சீவி எடுத்து, அழுத்தாமல், ஹவ்வா என்று எழுதினாள்.

வாப்பாவுக்குக் கீழே தனக்கு ஒரு கட்டம் போட்டாள். தாளில் இடம் நிறைய மிச்சமிருந்தது.