பத்தாவது தூபி

ஜீவனஹள்ளி விகாரில் பௌர்ணமிதோறும் யாராவது ஒருவர் கதை சொல்ல வேண்டும். விகார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட கூடம், ஒரு புத்தர் சிலை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. வைகாசி மாத முறை என்னுடையது. முடியாது என்று சொல்லத்தான் போனேன். என் தம்பி முகேஷ் அங்கே வருவான். அவனோடு நான் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அம்மா இறந்த அன்று, நான் தங்கி வேலை பார்க்கும் பொம்மசந்திராவில், மாத்திரை கம்பெனி பேக்கிங்கில் இரட்டை ஷிப்டில் இருந்தேன். போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தபோது முகேஷின் பதினோரு அழைப்புகள். ஓசூர் ரோட்டில் ஊர்ந்து ஜீவனஹள்ளியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மின்மயானத்தில் எல்லாம் முடிந்து, சாம்பலையும் ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோய் ஆற்றில் கரைத்துவிட்டிருந்தான் முகேஷ். எனக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கவில்லை. கேட்டதற்கு, போனை எடுத்திருந்தால் வைத்திருப்பேன் என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

விகாரைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடசாமி என்னை விடவில்லை. "அசோகச் சக்ரவர்த்தி பொண்ணு பேர, சங்கமித்ரான்னு ஒனக்கு வெச்சுட்டுப் போனா உங்கம்மா சின்னத்தாயி. நீ கதை சொல்லமாட்டேன்னா எப்பிடிம்மா?"

எனக்குத் தெரிந்த தூபிக் கதையையே சொன்னேன். புத்தரின் உடல் எரிந்த பிறகு, எலும்பில் பங்கு கேட்டு ஏழு நாட்டார் குசிநாராவுக்குப் படையோடு வந்தார்கள். ஊர்க்காரர்களான மல்லர்கள் தரமாட்டோம் என்றார்கள். போர் மூளும் நேரத்தில் துரோணர் என்ற பிராமணர் எட்டுப் பங்காகப் பிரித்துக் கொடுத்தார். அளந்த குடத்தை மட்டும் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். பங்குகளை உள்ளே வைத்துக் கட்டியது எட்டுத் தூபி, குடத்தை வைத்து ஒன்று.

ஒன்பதோடு நிறுத்திவிடுவது என் வழக்கம். அன்று நிறுத்த முடியவில்லை. பிப்பலிவனத்து மோரியர்கள் தாமதமாக வந்தார்கள் என்றேன். கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. சிதையில் கிடந்த கரியை அள்ளிக்கொண்டு போய், அதன்மேல் பத்தாவது தூபியைக் கட்டினார்கள்.

"பந்தியில கடைசியா போனா எனக்கும் அதான் கெடைக்குது" என்றார் வெங்கடசாமி. கூடம் சிரித்தது.

அம்மாவின் பக்கத்து வீட்டு ஷில்பா மட்டும் சிரிக்கவில்லை. "லேட்டா வந்தவங்க சண்ட போட்டாங்களாக்கா?"

யோசித்தேன். அப்படி எங்கும் கேட்டதில்லை. "இல்ல. இருந்தத வாங்கிட்டுப் போனாங்க."

சொல்லும்போதே கடைசி வரிசையில் முகேஷின் குனிந்த தலை தெரிந்தது. எனக்காக அவன் எடுத்து வைக்காததை மட்டுமே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பதினோரு அழைப்புகளின்போதும், போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் எங்கே நின்றிருப்பான்? யார் கூட இருந்திருப்பார்கள்? ஒருமுறைகூட நான் அதைக் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்தபோது முகேஷ் செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தான். நான்தான் போய், சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். காக்ஸ் டவுன் மரத்தடியில் இருபத்தெட்டு வருஷம் அம்மா கரி போட்டுத் துணி தேய்த்த பித்தளைப் பெட்டி. பாதி எரிந்த கரியை அம்மா கொட்டவே மாட்டாள். மறுநாள் காலையில் அதுதான் சீக்கிரம் பிடிக்கும் என்று மூடியைப் போட்டு அப்படியே வைத்துவிடுவாள்.

"அம்மா கடைசியா வெச்சது வெச்ச மாதிரியே இருக்குதுக்கா. தெறக்க மனசு வரல."

நான் திறந்தேன். சாம்பல் பூத்த ஏழெட்டுத் துண்டுகள், அம்மாவின் கை அடுக்கியபடி. நான்கை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பெட்டியை மூடி அவனிடமே கொடுத்தேன்.

"கொடம் எனக்கா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். பொம்மசந்திராவில் இறங்கும்வரை கரி படிந்த விரல்களை நான் துடைக்கவில்லை. தாமதமாக வந்தவளுக்கு இவ்வளவு கிடைத்ததே என்று மனம் நிறைந்திருந்தது.