எனக்கு டெங்கி இல்லை

டெங்கிக் காய்ச்சல் என்று அம்மா எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கோலாலம்பூரில் படிக்கிற பையன், அங்கே கொசு கடித்துவிட்டதாம். கொசுவும் இல்லை, மண்ணும் இல்லை. என் தம்பி மகேன் செத்துவிடலாம் என்று நினைத்து, கடைசி நேரத்தில் பல்கலைக்கழக கவுன்சலரின் கதவைத் தட்டியிருந்தான். அவர்தான் டாக்டரிடம் காட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எங்களுக்குப் போன் செய்தார். மருந்தை நிறுத்தாதீர்கள், தனியாக விடாதீர்கள், அவனோடு பேசுங்கள் என்றார். முதல் இரண்டையும் செய்தோம். பேசத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கியா பார்ம் சந்தையில் தொண்டை கிழியக் கத்தி ஸ்ட்ராபெரி விற்கிறவள் நான். அவன் முன்னால் 'சாப்டியா' என்பதைத் தாண்டி எனக்கே ஒரு சொல் எழவில்லை.

லைன் சும்மா இருக்குமா? டெங்கி என்றால் பப்பாளி இலைச் சாறு. இந்த மலைக் குளிரில் பப்பாளிக்கு எங்கே போவது? சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டு சசிரேகா அக்கா மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து இலை வரவழைத்து, இடித்துப் பிழிந்து, அம்மாவோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் தினமும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினாள். எட்டிக்காய்க் கசப்பு. அம்மா கண்ணாலேயே அதட்ட, அவனும் குடித்துத் தொலைத்தான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை அவன் சசிரேகா அக்காவிடம் கிளாஸை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான்.

"அக்கா, எனக்கு டெங்கி இல்ல. செத்துரலாம்னு நெனச்சேன். அதுக்குத்தான் மருந்து சாப்புடுறேன்."

"வாய மூடுடா!" உள்ளேயிருந்து அம்மா.

"மாட்டேம்மா. மூடி மூடித்தான் இப்படி ஆச்சு."

அப்படிப் போடு என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

சசிரேகா அக்கா முதுகுக் கூடையோடு அவன் பக்கம் குனிந்தாள். பிறகு, நாங்கள் யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டாள்.

"இப்பவும் தோணுதா தம்பி?"

"நேத்து தோணுச்சு. இப்ப இல்லக்கா."

"தோணுனா செவுத்த தட்டு. எந்நேரம்னாலும் வர்றேன்."

கூடையைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் ஆள் ஏற்றும் லோரி ஹார்ன் அடித்தது.

"சசி, ஏறலையா? என்னா அங்க?" கங்காணி பழனியப்பன் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். முகமெல்லாம் கண்ணீர். குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"எம் மவனுக்கு மனசு சரியில்ல! இன்னிக்கு அவளும் வரல, நானும் வரல. லோரிய எடுங்க லா!"

லோரி நகரவில்லை. மேலே நின்ற பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலையே பார்த்தார்கள். அம்மா உள்ளே போகவில்லை. மகேனின் தோளைப் பிடித்துக்கொண்டு, பார்க்கட்டும் என்று நின்றாள்.