சிரிக்கத் தெரியாதவர்கள்

"பழங்குடிகளும் தற்கொலையும்: ஒரு வரலாற்றுப் பார்வை" என்று வெள்ளவத்தை மண்டபத்தில் பெரிய பதாகை. சுபாஷினியை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. ஊர் கிழக்கே வாகரைப் பக்கம். கரையோர வேடர் குலம். கூட்டத்துக்கு அந்தக் கடைசித் தகுதி மட்டுமே போதுமாக இருந்தது. தேன் ஏதும் கொண்டு வந்தனீரோ என்று வாசலில் ஒரு அம்மா கேட்டே விட்டார்.

பேசியவர் தில்லைநாதன், ஓய்வுபெற்ற விரிவுரையாளர். தன்னை மாய்த்துக்கொண்ட அவள் தம்பி ஜீவராஜைப் பற்றிப் போன மாதம் வீடு தேடி வந்து துருவித் துருவிக் கேட்டவர். அவளும் நம்பி எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பிக்கு நடந்தது நாலு பேர் காதில் ஏறட்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏறியது வேறு கதை. வேடர்களுக்குச் சிரிக்கவே தெரியாது என்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்ததை அவர் தேவாரம் போலப் பக்தியோடு வாசித்தார். திரையில் ஜீவராஜின் அடையாள அட்டைப் படம்.

"அந்த முகத்தின்ர இறுக்கத்தைப் பாருங்கோ. சாவு இந்தக் குலத்தின்ர ரத்தத்திலயே ஊறினது. காட்டுப் பிள்ளை நாகரிகத்தைத் தாங்காது."

சுபாஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடையாள அட்டைக்கு எவன்தான் சிரிப்பான்? எழுந்தாள்.

"சேர், என்ட தம்பி சிரிச்சா பஸ்ஸில இருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. அதைச் சொன்னனான். அப்பப்பாட காணிக்கு வேலி அடிச்சிட்டு அரசாங்கக் காடு எண்டாங்க. அதுக்குள்ள கால் வெச்சதுக்கு ரெண்டு தரம் பிடிச்சு மறியலில அடைச்சாங்க. வெளிய வந்தவன் நித்திரையில்லாமத் திரிஞ்சான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனன், தமிழ் தெரிஞ்ச டொக்டர் இல்ல எண்டு திருப்பி விட்டாங்க. அதையும் சொன்னனான். எங்க அதெல்லாம்?"

"அது அரசியல், பிள்ளை. நாங்கள் இஞ்ச வரலாறு கதைக்கிறம்."

"வேலி அடிச்சது வரலாறு இல்லையா சேர்? ரத்தத்தில ஊறினது எண்டா ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்ல. அதுதானே வசதி. அவன்ட படத்தை எடுங்க."

மண்டபத்தில் நல்ல பலமான கைதட்டல். மண்ணின் குரலைக் கேட்டோம் என்று கூட்டத் தலைவர் நெகிழ்ந்துபோனார்.

"தங்கச்சி, அப்பிடியே உங்கட சனத்தின்ர பாட்டொண்டும் பாடிவிடுங்கோவன்."

படம் திரையில் அப்படியே நின்றது. சுபாஷினி மேடையேறி, படம் காட்டிய ஒளிவீழ்த்தியின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

தில்லைநாதன் தலைவர் பக்கம் சாய்ந்தார். ஒலிவாங்கியை யாரும் அணைக்கவில்லை. கதவடியில் நின்ற அவளுக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் சொன்னதுதானே. இதுகள் ஒண்டையும் தாங்காதுகள்."

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவுமில்லை.