எதிர்வண்டிக்கு ஜாமீன்

ஜாஸ்லினுக்கு வந்த கோபத்தில் ரோசாக்கா வீட்டுக் கூரையே பெயர்ந்திருக்க வேண்டும். கோரிமேட்டு ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் இட்லி விற்றுப் பிழைப்பவள் ஜாஸ்லின். அதே நிறுத்தத்தில் இட்லிக்கடை போடப்போகிற மெரினுக்கு அவளே ஜாமீன் நிற்க வேண்டுமாம்!

கடன் கொடுக்கிற கம்பெனியின் சட்டம் அப்படி. ஐந்து பெண்கள் சேர்ந்தால்தான் குழு. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். குழுவில் ஒருத்தி ரெட்டியார்பாளையத்துக்குக் குடிபோய்விட்டாள். அவள் இடத்துக்குத் தலைவி ரோசாக்கா பிடித்து வந்தவள்தான் மெரின்.

"ஊர்ல வேற யாவாரமே இல்லியா? பூ விக்கச் சொல்லு, மீனு விக்கச் சொல்லு."

"அவளுக்கு இட்லிதான் வருதாம். ஒனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு. அஞ்சாவது ஆளு இல்லாம நம்ம யாருக்கும் லோன் கெடையாது," என்றாள் ரோசாக்கா.

ஜாஸ்லினின் தள்ளுவண்டி அச்சு முறிந்து, கயிறு போட்டுக் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடன் வந்தால்தான் புது வண்டி. மெரினை மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

புது வண்டி வந்தது. எதிர்ச்சாரியில் மெரினின் வண்டியும் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வாயே திறக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கையில் பையும் சீட்டுமாக மிரண்டு நிற்பார்கள். கூவிக் கூப்பிட்டால்தான் சாப்பாட்டு நினைப்பே வரும். ஜாஸ்லின் கூவினாள், கூட்டம் இவள் பக்கம் வந்தது. மெரின் ஈ ஓட்டினாள். ஜாஸ்லினுக்குப் பரம திருப்தி.

வியாழக்கிழமை தவணை நாள். வசூலுக்கு வருகிற விக்ரம் மரியாதையான பையன். குரலை உயர்த்த மாட்டான். பாயில் உட்கார்ந்தால் முழுப்பணமும் சேரும்வரை எழுந்திருக்கவும் மாட்டான். மெரின் பாதிதான் கொண்டுவந்திருந்தாள். மீதியை மற்றவர்கள் போட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. சுருக்குப்பையை அவிழ்க்கும்போது ஜாஸ்லினுக்கு வயிறு எரிந்தது. மெரினின் இட்லி மீந்தால் அந்த நஷ்டம் தன் பையிலிருந்தும்தான் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை விழுப்புரம் பஸ் வந்து நின்றது. ஜாஸ்லின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாங்க, வாங்க! சூடா இட்லி, வேர்க்கடலைச் சட்னி! அதோ எதிர்வண்டி, அங்க போங்க!"

மெரின் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். "என்னாடி பாக்கற? தட்டை எடு!" என்று இங்கிருந்தே அதட்டினாள் ஜாஸ்லின்.

நாலு பேரை அனுப்பினால் போதும், தவணைக்குத் தேறிவிடும் என்பது அவள் கணக்கு. கணக்கில் சட்னியைச் சேர்க்க மறந்துவிட்டாள். வார்டில் படுத்திருப்பவர்களுக்குத் துணை இருப்பவர்கள் பல நாள் தங்குகிறவர்கள். ஒருநாள் அந்தச் சட்னியைத் தொட்டவர்கள் மறுநாள் யாரும் கூப்பிடாமலே நேரே அங்கே போனார்கள். ஜாஸ்லினின் பாத்திரத்தில் இட்லி ஆறிக் கிடந்தது.

அந்த வியாழக்கிழமை மெரின் முழுத் தவணையையும் முதல் ஆளாக வைத்தாள். குறைந்தது ஜாஸ்லினுக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் குறைந்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது. விக்ரம் வழக்கம்போலப் பாயில் சம்மணமிட்டபடி காத்திருந்தான்.

ரோசாக்கா வாய் திறக்குமுன் மெரின் குறைந்ததை எண்ணிப் பாயில் வைத்தாள். யாரிடமும் பங்கு கேட்கவில்லை.

வாசலில் ஜாஸ்லின் செருப்பு மாட்டும்போது மெரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளையிலேர்ந்து நீங்க ஒங்க வண்டிக்கே கூவுங்கக்கா," என்றாள். "எனக்கும் இப்பக் கூவ வந்துடுச்சு."